எக்ஸ்ரே அக்காவுக்கு ஒரு வண்டி

பெட்ரோல் பங்கில் மனைவியை விட்டுவிட்டுப் போனது பெரிய குற்றமாக அந்தக் கணவருக்குத் தோன்றவே இல்லை. தான் மறக்கவில்லை, அவள்தான் ஏறவில்லை என்பது அவருடைய கட்சி.

நடந்தது இதுதான். காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட ஸ்கூட்டரை எடுத்தவர், வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார். அவள் இறங்கி நின்றாள். பெட்ரோல் போட்டாயிற்று, மூடியை மூடியாயிற்று. கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அவள் காலைத் தூக்குவதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. "ஏங்க, ஏங்க" என்று அவள் கத்தியது பங்கில் இருந்த எல்லாருக்கும் கேட்டது, அவரைத் தவிர. நாலு கிலோமீட்டர் தூரம் அவர் தன் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜரைப் பற்றிப் பின்சீட்டிடம் பேசிக்கொண்டே போனார். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாக மறுத்துப் பேசுகிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் சொல்வது சரி என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டாள் என்ற திருப்தியோடு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, "ம், இறங்கு" என்றார்.

வாசல் காவலாளி பக்கத்தில் வந்து, "சார், யாரை இறங்கச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

பஸ் பிடித்து முக்கால் மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்த அவள், அன்று முழுவதும் ஒருவரிடமும் சிரித்துப் பேசவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்: "நான் மோட்டார் பைக் வாங்கப் போறேன்."

அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். இருபத்தோரு வருடமாக எலும்புப் பிரிவில் படம் எடுக்கிறவள். மனிதர்களை முகத்தைவிட எலும்பால்தான் அவளுக்கு நன்றாக அடையாளம் தெரியும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் இரண்டு நொடி விழிப்பாள். பிறகு, "இடது காறை எலும்பு, போன வருஷம், சரிதானே?" என்பாள். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவள் படம் எடுத்த காறை எலும்புகளில் பாதி, மணிக்கட்டில் முக்கால்வாசி, கணுக்காலில் அநேகமாக எல்லாமே இரண்டு சக்கர வண்டியிலிருந்து விழுந்தவர்களுடையவை. யார், எப்படி, எந்தப் பக்கமாக விழுந்தார்கள் என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடக்கூடியவள். அப்படிப்பட்டவள் வண்டி வாங்கப் போகிறேன் என்றால் கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

"வண்டிதான் வேணும்னா ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கோயேன்" என்றார் கணவர். "கியரு, கிளட்சுன்னு எதுக்கு வம்பு?"

"பைக்குக்குச் சக்கரம் பெரிசு. குழியில எறங்கினாலும் ஏறிடும்."

இது உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் வேறு. கணவருக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர் வாங்கினால் முதல் வாரமே, "நீ பின்னாடி உக்காரு, நான் ஓட்டறேன்" என்று அவர் முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்பது இருபது வருடக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரிந்த விஷயம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாளே விஷயம் எலும்புப் பிரிவு முழுக்கப் பரவியது. ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்தார்கள். எலும்பு டாக்டர், புல்லட் மாதிரி தடதடக்கும் பெரிய வண்டி ஒன்று வைத்திருந்தார். அதில் தினமும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் வருவார். ஹெல்மெட் உண்டு, ஆனால் அது முழங்கையில் தொங்கும். ஊரிலேயே நன்றாகப் பாதுகாக்கப்பட்ட முழங்கை அவருடையதுதான் என்று எக்ஸ்ரே அக்கா நினைத்துக்கொள்வாள்.

"வாங்கறதே வாங்கறீங்க, பெரிசா வாங்குங்க மேடம்" என்றார் அவர். "சின்ன வண்டி வாங்கிட்டு ஆறே மாசத்துல அலுத்துப் போய் மாத்துவீங்க. வெயிட் இருந்தாத்தான் ரோட்டுல கெட்டியா நிக்கும்."

"அது நிக்கும் டாக்டர். நான் நிக்கணுமே."

மாவுக்கட்டு அறையில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு மாவுக்கட்டு என்றே பெயர் ஆகிவிட்டிருந்தது. முப்பது வருடமாகப் பைக் ஓட்டுகிறவர். அவர் சொன்னது நியாயமாக இருந்தது. "ரெண்டு காலும் தரையில முழுசா ஊனணும்மா. அதான் மொத வண்டிக்கு மொத கணக்கு. வேகத்தப் பத்தி யோசிக்காத, எடையப் பத்தி யோசி. ஓடறப்ப எந்த வண்டியும் விழாது. நிக்கறப்பதான் விழும். மொத வருஷம் எப்படியும் ரெண்டு தடவை சாய்ப்ப. சாய்ஞ்சத நீயே தூக்கணும். பழைய வண்டியா இருந்தா கீறல் விழுந்தாலும் வயிறு எரியாது."

அவள் மனசுக்கு இது பிடித்துப் போனது. அடுத்த மூச்சில் அவர் சொன்னார்: "என் மச்சான்கிட்ட அப்படி ஒரு வண்டி இருக்கு."

மச்சானுடைய வண்டியைப் போய்ப் பார்த்தாள். முன்பக்க ஃபோர்க் லேசாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அவள் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"இது ஒடைஞ்சு, சரியா சேராம ஒட்டியிருக்கு அண்ணே."

மச்சான் ஆகாயத்தைப் பார்த்தார். மாவுக்கட்டு மச்சானைப் பார்த்தார். ஆனால் மாவுக்கட்டு நல்ல மனிதர். அந்த வெட்கத்துக்கு ஈடாகவோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் தன் வண்டியிலேயே ஓட்டக் கற்றுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்.

அவளோ, உடம்புக்கு மாட்ட வேண்டியதை எல்லாம் வாங்காமல் வண்டியைத் தொடவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டில் சிரித்தார்கள். ஊரில் எல்லாரும் வண்டியை வாங்கிவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் ஹெல்மெட் வாங்குவார்கள். இவள் முதலில் தலைக்கு, அப்புறம் கைக்கு, அப்புறம் காலுக்கு, அப்புறம் உடம்புக்கு, கடைசியில்தான் வண்டி என்று ஒரு வரிசை போட்டாள்.

ஹெல்மெட் கடைக்காரர் முதலில் அவளுக்குக் காட்டியது இளஞ்சிவப்பில் பூப் போட்டது, தாடையை மூடாதது.

"லேடீஸ் எல்லாரும் இதான் வாங்கறாங்க மேடம்."

"அவங்க தாடையத்தான் நான் படம் எடுக்கறேன்" என்றாள். "முழுசா மூடறது காட்டுங்க."

அவளுக்கு வெளியில் ஒட்டியிருக்கும் தரமுத்திரை மட்டும் போதவில்லை. போட்டுப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உள்பக்கம் அமுங்கி வாய் மீன்வாய் மாதிரி குவிந்தது. இறுக்கமாக இருக்கிறதே என்று கடைக்காரர் ஒரு அளவு பெரியதை எடுத்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். தலையை இடமும் வலமுமாக அசைத்தாள்; ஹெல்மெட்டோடு கன்னத்துச் சதையும் சேர்ந்து அசைகிறதா என்று கண்ணாடியில் பார்த்தாள். கழுத்துப்பட்டையை மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து ஹெல்மெட்டை முன்பக்கமாகப் பிடுங்கச் சொன்னாள்.

"பலமா பிடுங்குங்க. கூச்சப்படாதீங்க."

கடைக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரின் தலையைப் பிடுங்கினார். வரவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டு, அதைப் போட்டபடியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன மேடம்?"

"இருபது நிமிஷம் உக்காரணும். நெத்தியில எங்கயாவது அழுத்துதான்னு அப்பதான் தெரியும்."

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும், மூலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மடியில் கைப்பையை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தார்கள். ஒருவர் கடைக்காரரிடம், "என்னாச்சு, கழட்ட வரலையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பதினேழாவது நிமிடம் நெற்றியில் வலித்தது. கழற்றிவிட்டு, வேறு அச்சில் செய்த ஒன்றைப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். கடைக்காரர் தேநீர் வரவழைத்தார். அவளுக்கு இல்லை, தனக்கு.

கையுறையில் அவள் பார்த்தது உள்ளங்கையை. விழுகிறவன் எவனும் முதலில் கையைத்தான் ஊன்றுவான். அங்கே, கை தரையில் சிக்காமல் சறுக்கிப் போகிற மாதிரி கெட்டியான வில்லை இருக்கிறதா? கணுக்கால் எலும்பை மூடுகிற பூட்ஸ். முறுக்கினால் வளையக் கூடாது. ஜாக்கெட்டைத் தலைகீழாகப் புரட்டித் தோள், முழங்கை, முதுகு மூன்று இடத்திலும் வைத்திருந்த பாதுகாப்புப் பேடுகளை உருவி எடுத்தாள். தோளில் இருந்தது நன்றாக இருந்தது. முதுகில் இருந்ததை இரண்டு விரலால் கிள்ளினாள்; பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கியது.

"தோள் ஒடைஞ்சா மாவுக்கட்டு அண்ணன் பாத்துப்பார். முதுகு ஒடைஞ்சா யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள். கடைக்காரருக்கு மாவுக்கட்டு அண்ணன் யார் என்று தெரியாது. இருந்தாலும் பயந்துபோய் உள்ளேயிருந்து தனியாக விற்கும் நல்ல முதுகுப் பேடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இத்தனையும் மாட்டிக்கொண்டு வீட்டுக் கூடத்தில் அவள் நின்றபோது காலேஜில் படிக்கும் மகள் மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா, ரோட்டுலதானே ஓட்டப் போற? இல்ல, ராக்கெட்ல ஏத்தி அனுப்பறாங்களா?"

"எடை தாங்குமா உனக்கு?" என்றார் கணவர்.

இருபத்தோரு வருடமாக, எக்ஸ்ரே கதிர் படாமல் இருக்க ஈயம் வைத்த ஏப்ரனைத் தினமும் எட்டு மணி நேரம் சுமந்தவள் அவள். அவளுக்கு இது பட்டுச்சேலை மாதிரி இருந்தது.

மைதானத்தில்தான் வேறு ஒரு சிக்கல் வந்தது. கிளட்சை விட வேண்டிய ஒவ்வொரு முறையும் வண்டி உதறி நின்றது. மாவுக்கட்டுக்கு முதல் இரண்டு ஞாயிறும் காரணம் பிடிபடவில்லை. மூன்றாவது ஞாயிறு பக்கத்தில் ஓடிவந்து பார்த்தவர் கண்டுபிடித்துவிட்டார்.

"மூச்சு விடும்மா! மூச்சு விடு!"

"அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்லிச் சொல்லி, முக்கியமான காரியம் எது என்றாலும் அசையாமல் மூச்சை அடக்குவது அவளுக்கே பழகிப்போயிருந்தது. மூச்சு விட ஆரம்பித்த பிறகு வண்டி ஓடியது.

லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போடச் சொன்னார்கள். மற்றவர்கள் சட்டையும் செருப்புமாக வந்து நின்றிருந்தார்கள். அந்த வெயிலில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வந்தவளைப் பார்த்து ஆய்வாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மேலிடத்திலிருந்து யாரோ சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். விண்ணப்பத்தைப் பார்த்த பிறகுதான் திரும்ப உட்கார்ந்தார்.

"இவ்வளவு பயம் இருந்தா எதுக்கும்மா பைக் ஓட்டணும்?"

"பயம் இருக்கறதாலதான் சார் இவ்வளவும்."

எட்டு கொஞ்சம் கோணலாக வந்தது. ஆனாலும் காலை ஊன்றவில்லை. பாஸ்.

கடைசியாக வண்டி. மூன்று ஷோரூம் ஏறி இறங்கினாள். எல்லா விற்பனையாளர்களும் எத்தனை வேகம் போகும், எவ்வளவு மைலேஜ் தரும், என்னென்ன நிறத்தில் வரும் என்றே தொடங்கினார்கள். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து குனிந்து தன் குதிகாலைப் பார்த்தாள். தரையில் படவில்லை என்றால் அதோடு இறங்கிவிடுவாள். பட்டால், காலால் தள்ளிப் பின்பக்கமாக நகர்த்திப் பார்ப்பாள். அப்புறம், சடாரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்கும் வசதி உண்டா என்று கேட்பாள். மூன்றாவது கடையில் ஒரு வண்டி எல்லாவற்றுக்கும் சரிப்பட்டது. சின்ன வண்டி, சாம்பல் நிறம், பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி. விற்பனையாளருக்கு முகம் மலர்ந்தது.

"இதைக் கொஞ்சம் கீழ படுக்க வைங்க" என்றாள்.

"எதை மேடம்?"

"வண்டியத்தான். நான் தூக்கிப் பாக்கணும்."

"மேடம், புது வண்டி மேடம்! யாரும் இப்படிக் கேட்டதில்ல மேடம்!"

மேலாளர் வந்தார். பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டு பேர் சேர்ந்து, பழைய மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, கைக்குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வண்டியைப் படுக்க வைத்தார்கள். அவள் திரும்பி நின்று, முதுகைச் சீட்டில் கொடுத்து, ஹேண்டிலையும் பின்கம்பியையும் பிடித்து, காலால் உந்தி நிமிர்த்தினாள். நோயாளிகளைப் படுக்கையிலிருந்து மேஜைக்கு மாற்றிப் பழகிய உடம்பு. வண்டி எழுந்து நின்றது. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேலாளரும் தட்டினார், அவருக்கு மெத்தை கிழிந்தது பிறகுதான் தெரிந்தது.

இப்படியாக, ஒரு மனுஷி எலும்பு முறியாமல் இருக்க என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்து முடித்தாள். திங்கட்கிழமை முதல் வண்டியில் வேலைக்குப் போவதாக ஏற்பாடு. ஞாயிறு மத்தியானம் கூடத்தில் போன் அடித்தது. படுக்கையறையிலிருந்து வெறுங்காலோடு விரைந்தவள், பூட்ஸ் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் வலது கால் சுண்டுவிரலை இடித்துக்கொண்டாள். பெட்டி நகரவில்லை. உள்ளே இருந்தது கணுக்காலைக் காப்பதற்கென்றே கெட்டியாகச் செய்த பூட்ஸ் அல்லவா!

வலி வந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டு, "போச்சு, ஒடைஞ்சிருச்சு" என்றாள்.

மறுநாள் கணவரின் ஸ்கூட்டரில், பின்சீட்டில், அதே ஆறு மணி ஷிப்டுக்குப் போய் இறங்கினாள். இந்தத் தடவை அவர் ரொம்பக் கவனமாக இருந்தார். பெட்ரோல் பங்கில் நிறுத்தவே இல்லை. அவளுடைய ஜூனியர் அவளை மேஜையில் உட்கார வைத்து, "அசையாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். படம் வந்தது. சுத்தமான முறிவு, விலகல் இல்லை. நல்ல படம் என்று அக்காவே பாராட்டினாள்.

எலும்பு டாக்டர் ரப்பர் செருப்போடு வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன், பைக்கெல்லாம் வேணாம்னு."

"நீங்க சொல்லல டாக்டர். பெரிசா வாங்கச் சொன்னீங்க. அதோட, இது பைக்குல இல்ல. பெட்டியில இடிச்சது."

"எந்தப் பெட்டி?"

"பூட்ஸ் பெட்டி."

டாக்டர் தலையை ஆட்டிய விதத்தில், அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. யாரும்தான் நம்பவில்லை. வார்டு முழுக்க, "எக்ஸ்ரே அக்கா வண்டியில விழுந்துட்டாங்களாம், வெக்கப்பட்டுக்கிட்டு பெட்டி கிட்டின்னு சொல்றாங்களாம்" என்று பேச்சு. பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் யாரோ 'இரு சக்கர வாகனம்' என்று எழுதிவிட்டிருந்தார்கள். வண்டியில் தூரம் காட்டும் மீட்டரில் அப்போது ஓடியிருந்தது மூன்று கிலோமீட்டர். அதுவும் ஷோரூம்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டது. மாவுக்கட்டு மட்டும் உடைந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டிக்கொண்டே, "பெட்டியாத்தான் இருக்கும்மா, நான் நம்பறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு ஸ்பீடுல போன?" என்று கேட்டார்.

ஐந்து வாரம். கணவர் அத்தனை நாளும் கொண்டுவிட்டுக் கூட்டிவந்தார், ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல். "வண்டிய வித்துடலாமா?" என்று மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை, வேறு ஏதோ பேசுகிற மாதிரி கேட்டுப் பார்த்தார். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மாலையில் வாசலுக்குப் போய், உறையை விலக்கி, டயரை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை கிளம்பினாள். ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பதினோரு நிமிடம். அங்கே கழற்ற இன்னொரு ஒன்பது. கணவரோடு போனதைவிடச் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியதாயிற்று. அன்றே நிறுத்துமிடத்தில், காவலாளியும் இரண்டு நர்சுகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டாண்டு போட்டாயிற்று என்று நினைத்துப் போடாமல் இறங்கினாள். வண்டி அவளைப் பார்த்தபடி நிதானமாகச் சாய்ந்து படுத்தது. கடையில் கற்ற வித்தையால் முதுகைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. எலும்பு டாக்டரின் பெரிய வண்டி மட்டும் தடதடவென்று வந்து பக்கத்தில் நின்றது. அவர் ஒரு கையால் ஸ்டாண்டு போட்டு, முழங்கையில் ஹெல்மெட்டோடு விசிலடித்துக்கொண்டே உள்ளே போனார். அந்த மனிதர் இதுவரை ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அதை நினைக்கும்போது மட்டும் அவளுக்கு உலகத்தின்மேல் சின்னக் கோபம் வரும்.

கணவர் ஒரு மாதம் முறைப்பாக இருந்தார். பிறகு அவர் அலுவலகத்திலிருந்து போன் செய்த யாரோ, "உங்க வீட்டுக்காரர் பெருமையா சொன்னாரு, நீங்க ரேஸ் பைக் ஓட்டறீங்களாமே" என்று கேட்டபோதுதான் அவர் வெளியில் என்ன பேசிக்கொண்டு திரிகிறார் என்பது தெரிந்தது. கேட்டதற்கு, "நான் எங்க ரேஸ்னு சொன்னேன்? பைக்னுதான் சொன்னேன்" என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்த ஒரு விடுமுறை நாளில், கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள், கடைத்தெரு திருப்பத்தில் திரும்பவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. ரோடு காலியாக இருந்தது. நேரே போனாள். வீடுகள் குறைந்தன, மரக்கடைகளும் செங்கல் சூளைகளும் வந்தன, அதுவும் முடிந்து இரண்டு பக்கமும் வெறும் வயலானது. நாலாவது கியரில் எஞ்சின் சத்தம் ஒரே சீராக வந்தது. முப்பது கிலோமீட்டர் தாண்டியபோது ரோட்டோரத்தில் ஒரு தேநீர்க்கடை தெரிந்தது. நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டு, போட்டாயிற்றா என்று குனிந்து பார்த்து, இறங்கினாள்.

கடையில் ஓர் அம்மாள் மட்டும் இருந்தாள். கையுறை, ஹெல்மெட், ஜாக்கெட் என்று பெஞ்சு நிறைய ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து நரைத்த தலையும் வியர்த்த முகமுமாகத் தன் வயதுப் பெண்ணொருத்தி வெளிவந்ததும் கேட்டாள்.

"எங்க, ரொம்ப தூரமா போறீங்க?"

"இல்லீங்க. எங்கயும் போகல."

"எங்கயும் போகாததுக்கா இத்தனையும் மாட்டிக்கிட்டு வந்தீங்க?"

எக்ஸ்ரே அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "சக்கரை கம்மியா ஒரு டீ போடுங்க" என்றாள். டீ வந்தது. பெஞ்சில் இடம் இல்லாததால் நின்றுகொண்டே குடித்தாள்.